கம்யூனிட்டி காலேஜ் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு பிளேயரையோ டீமையோ நாமினேட் பண்றது எப்படி

அமெரிக்கால ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல விளையாடின யாரையாவது, இல்ல ஒரு முழு டீமையே, அந்த காலேஜோட ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது சாதிச்சவங்கள கௌரவிக்கற பட்டியலுக்கு, அனுப்பணும்னு நினைக்கறவங்களுக்காக இத எழுதறேன். இங்க செட்டிலான நம்ம குடும்பத்துப் பசங்கள்லயும் செலவு கம்மியாகும்னு மொதல்ல ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சுட்டு அப்பறம் யுனிவர்சிட்டிக்கு மாறறவங்க இருக்காங்க, அதுல டென்னிஸ், கிராஸ் கன்ட்ரி, சாக்கர்னு காலேஜுக்காக ஆடறவங்களும் உண்டு. தேர்வுக் கமிட்டி தானா தேடிட்டு வரும்னு காத்திருக்காதீங்க, யாராவது ஒருத்தர் உக்காந்து ஆதாரத்தோட எழுதிக் குடுத்தாதான் பேரு லிஸ்ட்டுக்கே வரும்.

மொதல்ல மனசுல வச்சுக்க வேண்டியது, கம்யூனிட்டி காலேஜ்ல ஒருத்தர் ஆடறது பொதுவா ரெண்டு சீசன்தான். நாலு வருஷ யுனிவர்சிட்டில ஆடினவங்க மாதிரி மொத்த ரன், மொத்த பாயின்ட்னு பெரிய நம்பர் காட்ட முடியாது, காட்டவும் தேவையில்ல. அந்த ரெண்டு வருஷத்துல, அந்த காலேஜ் ஜெர்சி போட்டுட்டு என்ன செஞ்சாங்கங்கறதுதான் நாமினேஷனோட உயிர். பின்னாடி பெரிய ஸ்டார் ஆனத கடைசில ரெண்டு வரில சொன்னா போதும். நான் பார்த்த நிறைய நாமினேஷன்ல இது தலைகீழா இருக்கும், புரொஃபஷனல் கரியர் பத்தி ஒரு பக்கம், காலேஜ் பத்தி ஒரே ஒரு வரி, அதப் படிக்கற கமிட்டிக்கு இவர நாம எதுக்கு கௌரவிக்கணும்னே புரியாது.

ஜாக்கி ராபின்சன எடுத்துக்கங்க. 1947ல புரூக்ளின் டாட்ஜர்ஸ்ல ஆடி பேஸ்பால்ல நிறவெறி போட்டு வச்சிருந்த தடைய உடைச்சவர்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுக்கு முன்னாடி அவர் பாசடீனா ஜூனியர் காலேஜ்ல (கம்யூனிட்டி காலேஜுக்கு பழைய பேரு ஜூனியர் காலேஜ்) படிச்சவர், 1938 மே மாசம் ஒரே நாள்ல கிளேர்மான்ட்ல லாங் ஜம்ப்ல 25 அடி 6½ இன்ச் தாண்டி சொந்த அண்ணன் மாக் வச்சிருந்த ஜூனியர் காலேஜ் ரெக்கார்ட உடைச்சுட்டு, அங்கேருந்து நேரா கிளென்டேல் போய் பேஸ்பால் மேட்ச்சும் ஆடினார். அந்த அண்ணனும் அதே காலேஜ்தான், 1936 பெர்லின் ஒலிம்பிக்ல 200 மீட்டர்ல ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வெள்ளி வாங்கினவர். இத படிக்கறப்பவே அந்த நாள் கண்ணு முன்னாடி வருது இல்லயா, இப்படி ஒரு நாள், ஒரு மேட்ச், ஒரு சீசனத்தான் நீங்க தேடிப் பிடிக்கணும்.

எங்க தேடறது? ஆன்லைன்ல சமீபத்து வருஷங்கள்தான் ஒழுங்கா கிடைக்கும். பழசுக்கு காலேஜ் லைப்ரரில இயர்புக், ஸ்டூடன்ட் நியூஸ்பேப்பர், உள்ளூர் பேப்பரோட மைக்ரோஃபிலிம், அப்பறம் ரிட்டயர் ஆன கோச்சுங்க வீட்டு அட்டைப்பெட்டி, இது நாலும்தான் வழி. கோச்சுகிட்ட ஸ்கோர்புக் இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க, ஞாபகத்துல இருந்து சொல்ற நம்பர் வருஷத்துக்கு வருஷம் வளரும், ஸ்கோர்புக் வளராது. காலேஜோட பழைய பேரயும் போட்டுத் தேடுங்க, ராபின்சன் படிச்சதுக்கு இப்ப பாசடீனா சிட்டி காலேஜ்னு பேரு, இந்த மாதிரி பேரு மாறின காலேஜ் எக்கச்சக்கம், பழைய பேப்பர்ல புதுப் பேர தேடினா ஒண்ணும் வராது.

எந்த அசோசியேஷன்ல ஆடினாங்கன்னும் தெளிவா எழுதணும், ஏன்னா எல்லா காலேஜும் ஒரே குடைக்குள்ள இல்ல. நாட்ல பெரும்பாலான இடத்துக்கு என்ஜேசிஏஏ (நேஷனல் ஜூனியர் காலேஜ் அத்லெடிக் அசோசியேஷன்), 1938ல கலிஃபோர்னியாவோட ஃப்ரெஸ்னோல ஆரம்பிச்சது, அதுல டிவிஷன் 1 காலேஜ்னா முழு ஸ்காலர்ஷிப் குடுக்கலாம், டிவிஷன் 3ன்னா விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. கலிஃபோர்னியா காலேஜுங்களுக்கு இப்ப தனி அமைப்பு, சிசிசிஏஏ (கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் அத்லெடிக் அசோசியேஷன்), அங்கயும் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் இல்ல, அவங்களோட உச்சமே ஸ்டேட் சாம்பியன்ஷிப்தான். அதனால கலிஃபோர்னியா பிளேயர் ஏன் நேஷனல் டைட்டில் ஜெயிக்கலன்னு வெளியூர்க்காரங்க யாராச்சும் கேட்டா, அப்படி ஒரு டைட்டிலே அவங்களுக்கு இல்லன்னு நாமினேஷன்லயே சொல்லி வச்சிருக்கணும்.

நம்பர் எழுதறப்ப பக்கத்துலயே அதோட சூழ்நிலையும் எழுதுங்க, இது ரொம்ப முக்கியம். பேஸ்பால் ஸ்டார் பிரைஸ் ஹார்ப்பர் 2010ல காலேஜ் ஆஃப் சதர்ன் நெவாடால 31 ஹோம் ரன் அடிச்சார், சரி நல்ல நம்பர்னு தாண்டிப் போயிடுவோம், ஆனா அந்த காலேஜ் இருந்த கான்ஃபரன்ஸ்ல, அதாவது ஒண்ணுக்கொண்ணு ஆடற காலேஜுங்க குழுவுல, அலுமினிய பேட்ட விட ஹோம் ரன் அடிக்க கஷ்டமான மர பேட்லதான் ஆடணும், அதுக்கு முன்னாடி அந்த காலேஜ் ரெக்கார்டே 12தான்னு சேர்த்து சொன்னா அந்த 31 எவ்வளவு பெரிசுன்னு பேஸ்பால் தெரியாதவங்களுக்கும் புரியும். இன்னொரு பேஸ்பால் ஸ்டார் ஆல்பர்ட் பூஹோல்ஸ் மேப்பிள் வுட்ஸ் கம்யூனிட்டி காலேஜ்ல ஆடின மொத மேட்ச்லயே கிராண்ட் ஸ்லாமும் (ஒரே அடில நாலு ரன்) அடிச்சு, யார் உதவியும் இல்லாம தனியா ஒரு ட்ரிப்பிள் பிளேயும் (ஒரே ஆட்டத்துல மூணு பேர அவுட் ஆக்கறது) பண்ணினார், ஆனாலும் புரொஃபஷனல் டீமுங்க ஆள் எடுக்கற 1999 டிராஃப்ட்ல 402வது ஆளாத்தான் எடுத்தாங்க. நீங்க நாமினேட் பண்றவரோட சாதனையும் அன்னைக்கு யாரும் கண்டுக்காம போயிருக்கலாம், அதயும் மறைக்காம எழுதுங்க, அது அவருக்கு பலம்தான்.

பொண்ணுங்க விஷயத்துல தனியா நேரம் ஒதுக்கித் தேடுங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். படிப்பு, விளையாட்டுல ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு சொல்ற டைட்டில் 9 சட்டம் வந்ததே 1972ல, என்ஜேசிஏஏல பெண்கள் பிரிவு வந்தது 1975ல, அதுக்கு முன்னாடி ஆடினவங்க அவங்களா சேர்ந்து, அவங்களே துணி தச்சு, ரெக்கார்ட் எதுவும் இல்லாம ஆடியிருப்பாங்க. நாட்டோட சிறந்த ஆட்டக்காரங்களுக்கு குடுக்கற ஆல் அமெரிக்கன் பட்டம் இருக்கான்னு கேட்டு அவங்கள கழிச்சுட்டா அது பெரிய அநியாயம், அப்படி ஒரு பட்டத்துக்கு அவங்களுக்கு வாய்ப்பே குடுக்கல. கூட ஆடினவங்க எழுதிக் குடுக்கற லெட்டர், போட்டோ, பேப்பர் துணுக்கு இதெல்லாத்தயும் ஆதாரமா ஏத்துக்க முடியுமான்னு கமிட்டிகிட்ட முன்னாடியே பேசிடுங்க. பின்னாடி வந்தவங்களுக்கு ரெக்கார்ட் கிடைக்கும், பாஸ்கெட்பால் ஸ்டார் ஷெரில் ஸ்வூப்ஸ் டெக்சஸ்ல சவுத் பிளெய்ன்ஸ் காலேஜ்ல ஆடி 1991ல நேஷனல் ஜூனியர் காலேஜ் பிளேயர் ஆஃப் தி இயர் ஆனார், ரெண்டு வருஷம் கழிச்சு டெக்சஸ் டெக் டீமுக்காக ஃபைனல்ல 47 பாயின்ட் போட்டு சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்தார்.

டீம நாமினேட் பண்றதா இருந்தா வேலை ரெண்டு மடங்கு. முழு ரோஸ்டர், அதாவது டீம்ல இருந்த எல்லாரோட பேர் லிஸ்ட், வேணும், பெஞ்ச்ல உக்காந்திருந்தவங்க, அடிபட்டு பாதில நின்னவங்க, அசிஸ்டென்ட் கோச், ட்ரெய்னர், ஸ்கோர் எழுதின ஸ்டூடன்ட் மேனேஜர் வரைக்கும் ஒருத்தர் பேரும் விடக்கூடாது. மேட்ச் புரோகிராம் புத்தகத்துல அச்சான லிஸ்ட்ட மட்டும் நம்பாதீங்க, அது சீசன் தொடக்கத்துல அடிச்சது, நடுவுல சேர்ந்தவங்க அதுல இருக்க மாட்டாங்க. டீம் போட்டோவயும் லிஸ்ட்டயும் பக்கத்துல வச்சு முகம் முகமா சரிபாருங்க. அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்டார் ஆரன் ராஜர்ஸ் 2002ல பியூட் காலேஜ்ல குவார்டர்பேக்கா ஆடினப்ப, பெர்க்லி யுனிவர்சிட்டி கோச் பார்க்க வந்தது அவர இல்ல, அதே டீம்ல டைட் எண்ட்ங்கற இடத்துல ஆடின காரெட் கிராஸ. வந்த இடத்துலதான் ராஜர்ஸ் கண்ல பட்டார். கூட ஆடினவங்க இல்லாம இந்த லெவல்ல யாரும் மேல வரல, அதனாலதான் டீம் விருத தனியா வைக்கணும்னு நான் எப்பவும் சொல்வேன்.

படிப்பும் கணக்குல வரும். டீமோட மொத்த ஜிபிஏ (சராசரி மார்க், 4.0க்கு) 3.0ஓ அதுக்கு மேலயோ இருந்தா என்ஜேசிஏஏ அகாடமிக் டீம்னு அங்கீகரிக்குது. காலைல வேலை, சாயங்காலம் பிராக்டிஸ், ராத்திரி கிளாஸ்னு ஓடற பசங்களுக்கு அது கோப்பைக்கு குறைஞ்சதே இல்ல. ஆனா தனி ஆளோட மார்க்க அவங்க எழுத்துல சம்மதம் குடுக்காம போடாதீங்க, ஃபெர்பாங்கற மாணவர் தகவல் பாதுகாப்பு சட்டப்படி அது மாணவரோட தனிப்பட்ட ரெக்கார்ட். எந்த டீம்ல ஆடினாங்க, உயரம், எடை இதெல்லாம் பொதுவா காலேஜ் வெளியிடக்கூடிய தகவல், மார்க் அப்படி இல்ல.

எழுதி முடிச்சதும் ரெண்டு பக்கத்துக்கு மேல போகாம சுருக்கி, ஆதாரத்த எல்லாம் பின்னாடி தனியா இணைச்சு, கூட ஆடினவர் ஒருத்தர், எதிர் டீம்ல ஆடினவரோ அவங்க கோச்சோ ஒருத்தர்னு ரெண்டு லெட்டர் சேருங்க. எதிர் டீம்காரர் லெட்டர்தான் கமிட்டில எடை தூக்கும், அவருக்கு பாராட்டணும்னு எந்த கட்டாயமும் இல்ல இல்லயா. கடைசி தேதியும், விளையாடி முடிச்சு எத்தன வருஷம் ஆகியிருக்கணும்ங்கறதும் காலேஜுக்கு காலேஜ் மாறும், அத்லெடிக் ஆபீஸ்ல ஒரு போன் போட்டு கேட்டுடுங்க.

தேர்வாயிட்டா விழா தேதிய முடிவு பண்றதுக்கு முன்னாடி அவங்களயோ குடும்பத்தயோ கூப்பிட்டுப் பேசும்படி கமிட்டிகிட்ட சொல்லுங்க, பேர எப்படி சொல்லணும்னு கேட்டு அறிவிப்பாளருக்கு எழுத்துல குடுத்துடுங்க, நம்ம பேருங்களுக்கு இது ரொம்பவே தேவை. இறந்து போனவங்கன்னா பிளேக்க (பேர் பொறிச்ச நினைவுப் பலகைய) வாங்கிக்க யார் வருவாங்கன்னு குடும்பமே சொல்லட்டும். டீம் விருதுல வர முடியாதவங்களோட சர்டிஃபிகேட்ட ஆபீஸ் அலமாரில விட்டுடாதீங்க, விழா நடந்த வாரமே தபால்ல அனுப்புங்க.