பாஸ்போர்ட்டில் அச்சிட்டிருப்பது கடைசித் தேதி அல்ல

போன மே மாதம் ஒரு குடும்பத்துக்குத் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நான்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். மலேசியா போக இப்போது நமக்கு விசா வேண்டாம். அதனால் பாஸ்போர்ட் நகலை நான் கேட்கவும் இல்லை. பெயரும் பிறந்த தேதியும் வாட்ஸ்அப்பில் வந்தன, போட்டுவிட்டேன். பத்தாம் தேதி இரவு விமான நிலையத்திலிருந்து போன்: "அண்ணே, பாப்பாவுக்கு மட்டும் போர்டிங் பாஸ் தர மாட்டேங்கிறாங்க."

பாப்பாவின் பாஸ்போர்ட் நவம்பர் 2 வரை செல்லும். கவுன்டரில் இருந்த பெண் மே, ஜூன் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டியிருக்கிறார். மலேசியாவுக்குப் போகிற நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் நவம்பர் 10 வரையாவது இருந்திருக்க வேண்டும். எட்டு நாள் குறைகிறது. ஆறு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு யார் போவது? நான்கு பேரும் வீடு திரும்பினார்கள். டிக்கெட் பணத்தில் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் மட்டும்தான் திரும்பி வந்தன. பாதித் தப்பு என்னுடையது. அன்றிலிருந்து நகல் கைக்கு வராமல் டிக்கெட் போடுவதில்லை.

விசா வேண்டாத நாடுகளில்தான் இந்தக் கோளாறு அதிகம். சிங்கப்பூர் என்றால் விசாவுக்குக் கொடுக்கும்போதே யாராவது தேதியைப் பார்த்துவிடுவார்கள். விசா இல்லாத பயணத்தில் பாஸ்போர்ட்டை முதன்முதலாகப் புரட்டிப் பார்ப்பவரே செக்-இன் ஊழியர்தான்.

அவரிடம் கெஞ்சியும் பயனில்லை. "அங்கே இறங்கிப் பேசிக்கிறோம்" என்று பலர் வாதாடுவார்கள். இறங்கிய இடத்தில் திருப்பி அனுப்பினால் விமான நிறுவனமே அழைத்து வர வேண்டும். பல நாடுகளில் அபராதமும் உண்டு. டிமாட்டிக் என்ற தகவல் தொகுப்பில் நாடுவாரியாக விதிகள் இருக்கின்றன. அதில் என்ன இருக்கிறதோ அதுதான் கவுன்டரில் பேசும்.

மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, இலங்கை, சுற்றுலாவாகப் போனால் துபாய் என நம்மவர்கள் அதிகம் போகும் இடங்களில் ஆறு மாதக் கணக்குதான். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் மூன்று மாதம். ஆனால் அது அங்கிருந்து கிளம்பும் நாளிலிருந்து எண்ண வேண்டியது. பிரிட்டனுக்கும் ஜப்பானுக்கும் தங்கும் காலம் முழுக்கச் செல்லுபடியானால் போதும். தனித்தனி டிக்கெட் வாங்கி நடுவில் ஒரு நாட்டில் பெட்டியை எடுத்து மறுபடி போடுகிறவர்கள் அந்த நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும். பெட்டியை எடுக்கப் பெரும்பாலும் குடிநுழைவைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டியிருக்கும்.

அமெரிக்கா விஷயம் வேறு. இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே ஆறு மாத நிபந்தனை இல்லை. அதை நம்பி, முடியப்போகிற பாஸ்போர்ட்டோடு ஊருக்கு வந்து திரும்புகிற ஐடிக்காரர்கள் மாட்டுவது இன்னோர் இடத்தில். ஹெச்-1பி என்ற வேலை அனுமதி இன்னும் இரண்டு வருடம் இருந்தாலும், நுழையும்போது தரும் ஐ-94 பதிவைப் பாஸ்போர்ட் முடியும் நாளோடு நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். தங்க அனுமதி அந்த நாள் வரைக்கும்தான். விசா ஸ்டிக்கரில் உள்ள தேதியைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டால், தெரியாமலே காலம் கடந்து தங்கியவர் ஆகிவிடுவோம். இறங்கிய வாரமே இணையத்தில் ஐ-94-ஐ எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

குழந்தைகள் கதைக்கு வருகிறேன். பெரியவர்களுக்குப் பத்து வருடம் என்பதால் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்ற நினைப்பு. சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து வருடம்தான். கைக்குழந்தையாக இருக்கும்போது எடுத்தது பள்ளிக்கூடம் சேர்கிற வயதில் முடிந்துவிடும். குடும்பமாகக் கிளம்பும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இன்னும் சிலருக்குத் தேதி இருக்கும், பக்கம் இருக்காது. எங்கள் ஊரில் குருவிகளுக்கு, அதாவது சரக்கு சுமந்து அடிக்கடி பறந்து வருகிறவர்களுக்கு, இது நன்றாகத் தெரியும். ஷெங்கன் விசாவுக்கு இரண்டு வெற்றுப் பக்கமாவது வேண்டும். அடிக்கடி பறக்கிறவர்கள் மறுவெளியீட்டின்போது 500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 60 பக்கப் புத்தகமாக வாங்கிக்கொள்ளலாம்.

"இன்னும் ஒன்பது மாசம் இருக்கே, இப்பவே புதுசு எடுத்தா அது வீணாப் போயிடுமே" என்பார்கள். மீதி மாதங்கள் புதியதில் சேராது, உண்மைதான். ஆனால் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 120 மாதம். ஒன்பது மாதத்தின் விலை நூற்றுப் பத்து ரூபாய் சொச்சம். அதைக் காப்பாற்றப் போய் நாலு பேர் டிக்கெட்டை இழப்பதா? முடிய ஒரு வருடம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அவசரமாக வாங்கும் தட்கலுக்கு இன்னும் 2,000 ரூபாய் ஆகும். ஆனால் முகவரி மாறியிருந்து போலீஸ் விசாரணை இழுத்தால் அதுவும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு பயணங்களுக்கு நடுவில் செருகியும் விண்ணப்பிக்காதீர்கள். விண்ணப்பத்தோடு பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போகிற அன்றே பழையதைப் பெரும்பாலும் ரத்து செய்துவிடுவார்கள். புதியது வரும்வரை கையில் எதுவும் இருக்காது.

புதிய புத்தகத்துக்கு எண்ணும் புதிது. பழைய எண்ணில் எடுத்த மின்விசா செல்லாது. டிக்கெட்டிலும் வருகை அட்டையிலும் புதிய எண்தான் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் மனிதவள அமைச்சகத்திடமும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். புதிய பாஸ்போர்ட்டுக்காக அவர்கள் லீவு போட்டு ஊருக்கு வர வேண்டியதில்லை, அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகவே வாங்கலாம். பழைய பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா உயிரோடு இருந்தால் அது இன்னும் செல்லும், இரண்டையும் சேர்த்துக் காட்டிப் போகலாம். மூலை வெட்டிக் கொடுத்த புத்தகம்தானே என்று பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். ரப்பர் பேண்ட் போட்டுப் புதியதோடு சேர்த்தே வையுங்கள்.