கார் வேகத்துக்குக் காசு கட்டும் முன்: மென்பொருள் அப்கிரேடில் பலரும் செய்யும் தவறுகள்

மின்சார கார் வைத்திருப்பவர்களின் ஆப்பில் ஒரு நாள் ஒரு அறிவிப்பு வந்து நிற்கும். இவ்வளவு கட்டினால் காரின் பிக்கப் கூடும், சர்வீஸ் சென்டருக்குக்கூட வர வேண்டாம், நிறுத்தி வைத்த இடத்திலேயே தானாக ஏறிவிடும் என்று. டெஸ்லா 2019 டிசம்பரில் மாடல் 3 லாங் ரேஞ்ச் காருக்கு 2,000 டாலருக்கு இதை விற்றது. மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட 4.4 நொடி எடுத்த கார், அப்டேட்டுக்குப் பிறகு 3.9 நொடியில் தொட்டது. அப்புறம் போல்ஸ்டார், மெர்சிடிஸ், ஃபோக்ஸ்வேகன் என்று வரிசையாக வந்துவிட்டார்கள். வாங்கலாமா என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் என்னிடம் இல்லை, ஆனால் வாங்கிவிட்டு வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித் தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அந்த 'அரை நொடி' என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வது. அந்த அரை நொடி எந்த வேகத்தில் கிடைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அதைத் தடுப்பது இன்வெர்ட்டர் (பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி) மோட்டாருக்கு அனுப்பும் மின்னோட்டத்தின் வரம்பும், டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிப்பும். வேகம் ஏறிய பிறகு பேட்டரியும் இன்வெர்ட்டரும் தரும் மொத்த சக்திக்கு ஒரு உச்சம் வந்துவிடும், அங்கேதான் கார் மூச்சு வாங்கத் தொடங்கும். மென்பொருள் இந்த வரம்புகளில் எதைத் தளர்த்துகிறது என்பதைப் பொறுத்துதான் உங்களுக்குக் கிடைக்கும் லாபம். போல்ஸ்டார் 2-க்கு 2022-இல் வந்த அப்கிரேடையே எடுத்துக்கொள்ளுங்கள், விலை சுமார் 1,000 யூரோ. டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, வெறும் 20 நியூட்டன் மீட்டர்தான் கூடியது, ஆனால் சக்தி 50 கிலோவாட் கூடி 350 கிலோவாட் ஆனது, அந்தக் கூடுதல் சக்தி முக்கியமாக மணிக்கு 70-லிருந்து 130 கிலோமீட்டர் வரைதான் தெரியும். சிக்னலில் பச்சை விழுந்ததும் பறக்க நினைத்து இதை வாங்கியவருக்கு ஏமாற்றம்தான். நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓவர்டேக் செய்பவருக்கு அர்த்தம் இருக்கிறது.

எவ்வளவு அர்த்தம்? இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், ஏனென்றால் விளம்பரத்தில் இது வராது. அந்த போல்ஸ்டார் 80-லிருந்து 120-ஐ 2.2 நொடியில் தொடும், முன்பைவிட அரை நொடி குறைவு. உங்களுக்கு முன்னால் ஒரு லாரி 80-இல் போகிறது, நீங்களும் அதே 80-இல் பின்னால் வந்து, வெளியே எடுத்து, 120 வரை மிதித்துக் கடக்கிறீர்கள். பழைய கார் 120-ஐத் தொடும் அதே கணத்தில் அப்கிரேட் செய்த கார் அதைவிட ஏறக்குறைய 3 மீட்டர்தான் முன்னால் இருக்கும். லாரியைவிட நீங்கள் 40 கிலோமீட்டர் அதிக வேகத்தில் போகிறீர்கள் அல்லவா, அந்த 3 மீட்டர் என்பது கால் நொடி. ஆக, எதிர்ப்பக்கத் தடத்தில் நீங்கள் இருக்கும் நேரம் கால் நொடி குறைகிறது. அதுவும் லாபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'பாதுகாப்பாக ஓவர்டேக் செய்யலாம்' என்ற ஒரே காரணத்துக்காக வாங்குகிறவர்கள், லாரிக்குப் பின்னால் இன்னும் இரண்டு நொடி பொறுத்து நல்ல இடைவெளி பார்த்து எடுத்தால் அதைவிடப் பல மடங்கு பாதுகாப்பு சும்மாவே கிடைக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். கூடுதல் சக்தி பெரும்பாலும் மிதியைத் தரை வரை அழுத்தினால்தான் வெளியே வரும். பாதி மிதியில் கார் எப்படி ஓடுகிறதோ, அந்தச் சக்தி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் பணம் கட்டும் முன் இரண்டு வாரம் கவனித்துப் பாருங்கள், எத்தனை முறை மிதியை முழுசாக அழுத்தினீர்கள் என்று. ஒன்றிரண்டு தடவைதான் என்றால் நீங்கள் வாங்கப்போவது உங்கள் கால் போகாத ஓர் இடத்தை. ஸ்போர்ட் மோடு இருந்தும் போடாமல் ஓட்டுகிறவர்களுக்கும் இதுவேதான், முதலில் அதைப் போட்டு ஓட்டிப் பாருங்கள், அதுவே போதும் என்று தோன்றலாம்.

பேட்டரியின் நிலையையும் மறந்துவிடுகிறோம். சொல்லப்படும் எண் நல்ல சார்ஜும் சரியான சூடும் உள்ள பேட்டரிக்கானது. சார்ஜ் 15, 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டாலோ, குளிரில் பேட்டரி உறைந்து கிடந்தாலோ, கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைக் குறைத்துவிடும், அப்போது காசு கட்டி வாங்கியதும் சேர்ந்தே காணாமல் போகும். ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், குறையுமா என்றும் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். மென்பொருள் ஏறியதால் மட்டும் குறையாது. நீங்கள் ஓட்டும் விதம் மாறினால் குறையும், டயரும் சீக்கிரம் தேயும்.

இப்போது பணத்துக்கு வருவோம், இங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது. மெர்சிடிஸ் 2022 நவம்பரில் அமெரிக்காவில் ஈக்யூஈ, ஈக்யூஎஸ் கார்களுக்கு இதை ஆண்டுச் சந்தாவாக அறிவித்தது, வருடத்துக்கு 1,200 டாலர். ஐந்து வருடம் வைத்திருந்தால் 6,000 டாலர், கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது. அடுத்த ஆண்டே ஒரே தடவை கட்டி முடிக்கும் வழியைக் கொண்டுவந்தார்கள்: ஈக்யூஈ காருக்கு 1,950 டாலர், ஈக்யூஎஸ் காருக்கு 2,950. வெளிவந்த முதல் வாரத்திலேயே அவசரப்பட்டு வாங்குவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். மென்பொருளுக்குக் கையிருப்பு தீர்ந்துபோவது என்ற ஒன்றே கிடையாது, நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும்.

சந்தா என்றாலே நஷ்டம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள், அதுவும் தவறு. ஃபோக்ஸ்வேகன் 2025-இல் பிரிட்டனில் ஐடி.3 காருக்கு மூன்று விதமாக விலை வைத்தது: மாதம் 16.50 பவுண்டு, வருடம் 165, ஒரே தடவை என்றால் 649. கணக்குப் பார்த்தால் மூன்று வருடத்துக்குள் காரை விற்கப்போகிறவருக்கு ஆண்டுச் சந்தாதான் மலிவு, மூன்று வருடத்துக்கு 495 பவுண்டுதான் ஆகிறது. லீஸில் ஓட்டுகிறவர் முழு விலை கட்டினால் அடுத்து வருபவருக்குப் பரிசு கொடுத்த மாதிரி.

விற்கும்போது போட்ட காசு திரும்பும் என்று நம்புவதும் அப்படித்தான். அப்கிரேட் காருக்குச் சொந்தமா, உங்கள் கணக்குக்குச் சொந்தமா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2020-இல் பழைய டெஸ்லா வாங்கிய ஒருவரின் காரிலிருந்து, விற்பனையின்போது இருந்த ஆட்டோபைலட் எனும் ஓட்டுநர் உதவி வசதிகளைக் கம்பெனி தொலைவிலிருந்தே எடுத்துவிட்டது, செய்தியாகிப் பிரச்சினை பெரிதான பிறகே திருப்பிக் கொடுத்தது. பிக்கப் அப்கிரேடுக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழைய கார் வாங்குகிறவர் இதை யோசிப்பார், அதனால் உங்களுக்குக் கூடுதல் விலை தர அவர் தயங்குவார்.

மலிவாக வெளியாரிடம் வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். டெஸ்லாவுக்கு இப்படி ஒரு சின்னப் பெட்டியை விற்றார்கள், பாதி விலைக்கு அதே வேகம் என்று. 2020-இல் வந்த ஒரு மென்பொருள் அப்டேட் அதைக் கண்டுபிடித்துத் திரையில் எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. அடுத்த அப்டேட் எப்போது வருமோ என்று பயந்துகொண்டே ஒரு காரை வைத்திருக்க முடியாது, வாரண்டி பற்றிய தகராறு வேறு.

காப்பீட்டை நிறையப் பேர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. காரின் சக்தி கூடினால் பல நாடுகளில் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டில் கைவைப்பார்கள். ஐடி.3 விஷயத்தில் கார் முதலிலிருந்தே கூடுதல் சக்தியுடன்தான் பதிவாகிறது, அதனால் காப்பீடு மாறாது என்று ஃபோக்ஸ்வேகன் சொன்னது. எல்லாக் கம்பெனியும் அப்படிச் செய்வதில்லை. ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இதை வாங்கினால் கார் 'பெர்ஃபாமன்ஸ்' மாடலாகிவிடும் என்ற நினைப்பு. ஆகாது. அந்த மாடல்களில் பெரிய பிரேக், வேறு சக்கரம், வேறு டயர், சிலவற்றில் வேறு சஸ்பென்ஷன் வரும். மென்பொருள் காரை வேகமாகக் கிளப்பும், நிறுத்துவது பழைய பிரேக்தான். டயர் தேய்ந்த நிலையில் இருந்தால் அந்தக் காசை முதலில் டயரில் போடுங்கள், கிளம்புவதிலும் நிற்பதிலும் திரும்புவதிலும் ஒவ்வொரு நாளும் தெரியும்.

வாங்கியே தீர வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், மாதச் சந்தா இருக்கும் இடத்தில் நீண்ட பயணம் வரும் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். ஒரே தடவை கட்டும் விற்பனை என்றால், பணம் திரும்பப் பெறும் அவகாசம் எத்தனை நாள் என்று முன்பே படித்துவிட்டு, அந்த நாட்களுக்குள் உங்கள் வழக்கமான ரோட்டில் வழக்கமான மாதிரி ஓட்டிப் பாருங்கள். நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுவதற்காக மிதிக்கும் முதல் நாளை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.