பூனைக்குத் தானாகச் சாப்பாடு போடும் டப்பா: மூன்றாவது தடவை உருப்படியாக வந்த செய்முறை

எங்கள் பூனையின் பெயர் சட்டி. குட்டியில் மண்சட்டிக்குள் சுருண்டு தூங்கும், அதனால் வந்த பெயர். சட்டி உடைந்து வருடம் ஆகிறது, பெயர் மட்டும் நிற்கிறது. விடியற்காலை 4 மணிக்கு என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கத்துவதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்காக ஆரம்பித்த வேலை இது. நாய்க்கும் இதே கதைதான், அளவு மட்டும் மாறும். ஈரச் சாப்பாட்டுக்கு இது ஆகாது, உலர்ந்த தீவனத்துக்கு மட்டும்.

கடையில் வாங்கக்கூடாதா என்று கேட்பீர்கள். வாங்கலாம். ஆனால் பாதி மாடல்கள் இன்டர்நெட்டும் ஆப்பும் இல்லாமல் அசையாது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவில் பெட்நெட் என்ற கம்பெனியின் ஸ்மார்ட் ஃபீடர்கள் ஏறக்குறைய ஒரு வாரம் ஆஃப்லைனில் கிடந்தன. பூனைக்குச் சோறு போட சர்வர் எதற்கு? நான் செய்ததில் வைஃபை கிடையாது, ஆப் கிடையாது. ஒரு கடிகாரம், ஒரு மோட்டார், ஒரு சுவிட்ச்.

முதல் இரண்டும் எப்படி ஊத்திக்கொண்டன

முதலில் செய்தது 75 மி.மீ. பிவிசி குழாயின் அடியில் ஒரு மூடி, அதைத் திறந்து மூட ஒரு சின்ன சர்வோ மோட்டார். மேசையில் பத்துத் தடவை அழகாக வேலை செய்தது. ராத்திரி மூடும்போது ஒரே ஒரு தீவனத் துண்டு இடுக்கில் மாட்டி, மூடி முழுதாகச் சாத்தவில்லை. காலையில் எழுந்தால் ஒரு கிலோ தீவனம் தரையில், நடுவில் சட்டி மல்லாந்து கிடக்கிறது, பக்கத்திலேயே வாந்தி.

இரண்டாவது, 3டி பிரிண்ட் எடுத்த திருகு. குழாய்க்குள் திருகு சுற்ற, தீவனம் தள்ளிக்கொண்டு வரும். இரண்டு வாரம் ஓடியது, பிறகு திருகின் விளிம்புக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே ஒரு துண்டு ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. மோட்டார் முனகுகிறது, திருகு நகரவில்லை.

இரண்டிலும் வியாதி ஒன்றுதான். கெட்டியான விளிம்பு, கெட்டியான சுவர், நடுவில் தீவனத் துண்டைவிடச் சின்ன இடைவெளி, இந்த மூன்றும் சேர்ந்தால் என்றைக்காவது ஒருநாள் சிக்கும். ஆகவே விளிம்பு வளைந்துகொடுக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

ஓட்டல்களில் காலைச் சாப்பாட்டுப் பக்கம் கார்ன்ஃப்ளேக்ஸ் போட்டு வைத்திருப்பார்களே, குமிழைத் திருப்பினால் கிண்ணத்தில் விழுமே, அந்த டப்பா ஒன்று. உள்ளே மெத்தென்ற ரப்பர் இதழ்கள் கொண்ட சக்கரம் இருக்கும். நீங்களே சக்கரம் செய்ய உட்கார வேண்டாம், நான் சைக்கிள் ட்யூபை வெட்டிப் பார்த்துவிட்டேன், நாற்றம் போகவில்லை. இதழ்கள் கெட்டிப் பிளாஸ்டிக்காக இருந்தால் வாங்காதீர்கள், விரலால் வளைத்துப் பாருங்கள். என்னுடையதில் 6 இதழ், அதாவது 6 அறை.

மோட்டார்: 12 வோல்ட், 10 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 10 சுற்று) ஜான்சன் கியர் மோட்டார், 6 மி.மீ. தண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது, மற்றவர்களுக்கு ஆன்லைன். வேகமான மோட்டார் வாங்காதீர்கள். மெதுவாகச் சுற்றுவதுதான் பலமாகச் சுற்றும். சர்வோ வேண்டவே வேண்டாம், கரண்ட் வந்தவுடன் ஒரு துள்ளு துள்ளும், அதிலேயே ஒரு வாய் சாப்பாடு விழுந்துவிடும்.

மீதி: ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பலகை, டிஎஸ்3231 கடிகார மாட்யூல், எல்298என் மோட்டார் டிரைவர், வோல்டேஜை இறக்கித் தரும் எல்எம்2596 பக் கன்வர்ட்டர், உருளை வைத்த லீவர் மைக்ரோசுவிட்ச், ஒரு பஸ்ஸர், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர். எல்298என் ஏறக்குறைய 2 வோல்ட் விழுங்கும் என்று பலர் திட்டுவார்கள். விழுங்கட்டும், இந்த மோட்டாருக்கு 10 வோல்ட் போதும். சால்டரிங், நானோவில் புரோகிராம் ஏற்றுவது இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு போகிறேன்.

மோட்டாரைச் சக்கரத்தோடு சேர்ப்பது

குமிழைக் கழற்றி எறியாதீர்கள், சக்கரத்தின் தண்டில் சரியாகப் பொருந்துவது அது ஒன்றுதான். அதன் முகத்தைத் தட்டையாக அறுத்து, 6 மி.மீ. ஃபிளாஞ்ச் கப்ளிங்கை (தட்டையான முகம் வைத்த தண்டு இணைப்பு) நான்கு எம்3 திருகால் பிடித்துவிடுங்கள். கப்ளிங்கின் மறுபக்கம் மோட்டார் தண்டு. தண்டின் தட்டையான பக்கத்தில் கப்ளிங்கின் சின்னத் திருகு உட்காருகிறதா என்று பாருங்கள், வளைந்த பக்கத்தில் உட்கார்ந்தால் வழுக்கும். மோட்டாரை ஒரு எல் பட்டையில் மரப்பலகையோடு இறுக்கினால் குமிழ் பின்னால் நழுவவும் வழியில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் முதலில் சோம்பேறித்தனமாக இரண்டு ட்யூபில் வரும் எபாக்சிப் பிசினைக் கலந்து தண்டைக் குமிழில் ஒட்டினேன். நேரத்தை வைத்து மோட்டாரை ஓடவிடாமல் சுற்றை எண்ண வேண்டும் என்ற புத்தி அதற்குள் வந்திருந்தது, அதனால் மோட்டார் தண்டிலேயே எண்ணும் சுவிட்சையும் வைத்தேன். பதினெட்டு நாள் நன்றாகப் போனது. பத்தொன்பதாம் நாள் நான் ஆபீசிலிருந்து வரும்போது சட்டி வாசலுக்கே வந்து திட்டுகிறது. தட்டு காலி. டப்பாவில் முக்கால்வாசி தீவனம் அப்படியே இருக்கிறது. கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால் பதிவு எல்லாம் சுத்தம்: காலை 6 மணி, ஒரு அறை, சரி. மதியம் 12 மணி, ஒரு அறை, சரி. பிசின் விட்டுப்போய் மோட்டார் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது, சுவிட்சும் அதன் பின்னாலேயே விசுவாசமாக எண்ணிக்கொண்டிருந்தது. சக்கரம் ஒரு மில்லிமீட்டர் கூட அசையவில்லை.

ஆகவே எண்ணும் சுவிட்ச் மோட்டார் பக்கம் இருக்கக்கூடாது, சக்கரத்தின் மறுமுனையில் இருக்க வேண்டும். டப்பாவின் எதிர்ச் சுவரில், தண்டு முனை உட்காரும் இடத்தில் நேராக ஓட்டை போட்டு, தண்டுக்குள் ஒரு நீள எம்4 திருகை ஏற்றி வெளியே நீட்டிக்கொள்ளுங்கள். அதில் ஒரு ஃபெவிகால் டப்பா மூடியை இறுக்கி, மூடியின் ஓரம் சுற்றிலும் 60 டிகிரிக்கு ஒன்றாக ஆறு எம்3 திருகுகள், தலை வெளியே தெரிகிற மாதிரி. மைக்ரோசுவிட்சின் உருளை அந்தத் தலைகள் மேல் ஏறி இறங்கினால் ஒரு ‘டிக்’, ஒரு அறை. இப்போது கப்ளிங் கழன்றாலும் டிக் வராது, டிக் வராவிட்டால் பஸ்ஸர் கத்தும். பூனை கத்துவதற்கு முன்னால் பஸ்ஸர் கத்த வேண்டும்.

மின்சாரப் பக்கம்

12 வோல்ட் நேராக எல்298என்னுக்கு. நானோவுக்கு பக் கன்வர்ட்டரில் 5 வோல்ட் இறக்கிக் கொடுங்கள், மாட்டுவதற்கு முன்னால் மல்டிமீட்டர் வைத்து 5 தானா என்று பாருங்கள். டிஎஸ்3231க்கு நானோவின் ஏ4, ஏ5 பின்கள். மைக்ரோசுவிட்ச் ஒரு பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, நானோவின் உள் புல்அப் (சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) போட்டால் போதும். எல்298என்னின் 12 வோல்ட் முனையில் 1000 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்று போடுங்கள், எதற்கு என்று கீழே வரும்.

நானோ எழுந்ததிலிருந்து மில்லி நொடிகளை எண்ணும் மில்லிஸ் கணக்கை வைத்தே மணி பார்க்கலாமே என்று ஆசை வரும். வேண்டாம். கரண்ட் போனால் கணக்கு பூஜ்யத்துக்குப் போகும், போகாவிட்டாலும் 49 நாள் 17 மணி நேரத்தில் அதுவாகவே பூஜ்யத்துக்குத் திரும்பும். டிஎஸ்3231 வருடத்துக்கு ஒரு நிமிடம் தப்பினால் அதிகம். ஒரே ஒரு எச்சரிக்கை: இசட்எஸ்-042 என்று அச்சடித்த மாட்யூல் வந்தால், அதில் பேட்டரியை சார்ஜ் செய்யும் சர்க்யூட் இருக்கிறது. சாதாரண சிஆர்2032 பேட்டரி சார்ஜ் ஏற்றும் வகை அல்ல, நாளடைவில் உப்பும். டயோடு பக்கத்தில் 201 என்று எழுதிய சின்ன ரெசிஸ்டரை எடுத்துவிட்டால் சார்ஜ் நிற்கும், பேட்டரி காப்பு அப்படியே இருக்கும்.

புரோகிராம்: வரிசைதான் முக்கியம்

முழு புரோகிராமையும் இங்கே ஒட்டப்போவதில்லை, ஓட்டம் புரிந்தால் யாரும் எழுதிவிடலாம். நிமிடத்துக்கு ஒரு தடவை மணியைப் பார். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதா, இன்றைக்கு இந்த வேளை ஏற்கெனவே போட்டாயிற்றா என்று ஈஈபிராமில் (கரண்ட் போனாலும் அழியாத நானோவின் நினைவகம்) பார். போடவில்லை என்றால் மோட்டாரை ஓட்டு, ஒரு டிக் வந்ததும் நிறுத்து. 10 ஆர்பிஎம்மில் ஒரு அறைக்கு 1 நொடி ஆகும். 3 நொடியில் டிக் வராவிட்டால் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம், 0.3 நொடி பின்னால் சுற்றி மறுபடி முன்னால் போ. மூன்று முயற்சி. அதற்கும் வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிட்டு பஸ்ஸர். ரப்பர் இதழில் சிக்குவதே அபூர்வம், சிக்கினாலும் ஒரு தடவை பின்னால் போனாலே விட்டுவிடுகிறது.

என்னை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாத இடம், ‘போட்டாயிற்று’ என்று எழுதும் வரிசை. யாருமே முதலில் சாப்பாட்டைப் போட்டுவிட்டுத்தான் குறித்து வைப்பார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் மோட்டார் கிளம்பும் கணத்தில் கரண்ட் இழுப்பு அதிகம், பழைய அடாப்டர் ஒன்றைப் போட்டிருந்தேன், வோல்டேஜ் தொப்பென்று இறங்கி நானோ ரீசெட் ஆனது. எழுந்தது, மணி பார்த்தது, இந்த வேளை இன்னும் போடவில்லையே என்று மோட்டாரை ஓட்டியது, மறுபடி ரீசெட். ஒவ்வொரு தடவையும் கால் அறை, கால் அறையாக டப்பா முழுக்கக் காலியாகிற வரை போயிருக்கும், சத்தம் கேட்டு நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

எனவே முதலில் எழுது, பிறகு மோட்டாரை ஓட்டு. நடுவில் கரண்ட் போனால் ஒரு வேளை குறையும், அவ்வளவுதான். 14 கிராம் குறைந்தால் பூனை திட்டும், ஒரு கிலோ விழுந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டும். ஈஈபிராம் தேய்ந்துபோகாதா என்றால், ஒரு இடத்தில் 1,00,000 தடவை எழுதலாம், நாளுக்கு 4 தடவை என்றால் நம் காலத்துக்குப் போதும். மேலே சொன்ன கபாசிட்டரும் நல்ல அடாப்டரும் இந்த ரீசெட்டுக்காகத்தான். கரண்ட் அடிக்கடி போகிற ஊர் என்றால் வைஃபை ரௌட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் நன்றாகவே தாங்குகிறது, 2 ஆம்பியர் கொடுப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

அளவு

பையின் பின்னால் போட்டிருக்கும் அட்டவணையில் உங்கள் பூனையின் எடைக்கு நாளுக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள். 20 அறை சுற்றவிட்டு சமையலறைத் தராசில் நிறுத்து 20ஆல் வகுங்கள். எனக்கு 280 கிராம் வந்தது, ஆக அறைக்கு 14. ஒவ்வொன்றாக நிறுத்தால் 11 இருக்கும், 17 இருக்கும், கவலைப்படாதீர்கள், நாள் கணக்கில் சரியாகிவிடும். சட்டிக்கு 56 கிராம்: காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு 11 என்று வேளைக்கு ஓர் அறை. அந்த 11 மணிதான் என் தூக்கத்தைக் காப்பாற்றுகிறது. தீவனம் மாற்றினால் மறுபடி நிறுங்கள், துண்டின் அளவு மாறினாலே கணக்கு மாறும்.

டப்பாவிலிருந்து தட்டுக்கு 75 மி.மீ. குழாய், 45 டிகிரிக்குக் குறையாத சரிவு. தட்டு ஸ்டீல். எறும்புக்கு நம் பாட்டிகள் வழிதான், தட்டை அகலமான தண்ணீர்த் தட்டுக்குள் வையுங்கள். ஒயர் வழியாக மேலே ஏறும் எறும்பை மறந்துவிடாதீர்கள், ஒயரில் ஓரிடத்தில் வாசலின் களிம்பு தடவினால் போதும். சிலிகா ஜெல் பொட்டலத்தைத் தீவனத்தோடு சும்மா போடாதீர்கள், சக்கரத்துக்குள் போய்விடும், துணிப்பையில் தைத்து மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். பழைய தீவனத்தின் மேல் புதியதைக் கொட்டாமல், வாரத்துக்கு ஒருமுறை காலி செய்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டு நிரப்புங்கள்.

புதிதாகச் செய்ததை நம்பி அன்றைக்கே ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே இரண்டு வாரம் ஓடட்டும். அதற்கப்புறமும் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து தினம் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் ஒன்றுமே சாப்பிடாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். தண்ணீரையும் இந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளாது.

பின்சேர்க்கை 1: இதைப் பார்த்துச் செய்த ஒருவர், சிக்கி விடுபட்ட வேளைகளில் மட்டும் தட்டு காலியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். தப்பு என்னுடையதுதான். ஒரு திருகுத் தலையைத் தாண்டியவுடனே சிக்கினால், பின்னால் சுற்றும்போது அதே தலை சுவிட்சை மறுபடி அழுத்துகிறது, முன்னால் வரும்போது இன்னொரு முறை. அதை ‘ஒரு அறை முடிந்தது’ என்று புரோகிராம் எடுத்துக்கொள்கிறது. பின்னால் சுற்றும்போது டிக் வந்தால் கணக்கில் ஒன்று கழித்துவிடுங்கள். உருளை இல்லாத வெறும் லீவர் சுவிட்ச் போட்டவர்களுக்கு இந்தப் பின்சுற்றில் லீவரே மடங்கியிருக்கிறது, உருளை வைத்ததைத்தான் வாங்குங்கள்.

பின்சேர்க்கை 2: சட்டி குழாய்க்குள் கையை விட்டு, சக்கரத்தின் கடைசி இதழை நோண்டி இரண்டு மூன்று துண்டு எடுக்கக் கற்றுக்கொண்டது. குழாயை 30 செ.மீ. ஆக நீட்டி நடுவில் ஒரு வளைவு போட்டேன். இப்போது குழாயை விட்டுவிட்டு, 10.55க்கே வந்து மோட்டாருக்கு எதிரே உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருக்கிறது.