படர்தாமரையும் மீதமிருந்த களிம்பும்

மதுரை வெயிலில் நாளெல்லாம் வண்டியில் அலையும் எனக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை வந்தபோது, அண்ணனுக்கு மருத்துவர் எப்போதோ எழுதிக்கொடுத்த களிம்பின் மீதியை எடுத்துத் தடவினேன். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. நிறுத்தியதும் முன்னிலும் அகலமாகப் படர்ந்தது.

தோல் மருத்துவர் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, நான் தடவிய களிம்பிலுள்ள குளோபெட்டாசோல் என்னும் ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கினாலும் பூஞ்சையை வளரவிடும் என்றும், கூடவே உள்ள நியோமைசின் பாக்டீரியாவுக்கானதே தவிரப் பூஞ்சைக்கு உதவாது என்றும் விளக்கினார். பூஞ்சைக்கொல்லிக் களிம்பை மட்டும், வட்டத்தின் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை, தடம் மறைந்த பின்னும் 2 வாரம் தடவச் சொன்னார். உள்ளாடைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினேன். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை.

ஆறாவது வாரத்தில் அரிப்பு அறவே நின்றது. ஸ்டீராய்டால் தோல் மெலிந்த இடத்தில் விழுந்த வரிகள் மட்டும் இன்னும் மறையவில்லை.