பொது இடத்தில் தூங்குவது குற்றமா? அமெரிக்கத் தீர்ப்பைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடில்லாமல் இருப்பதே குற்றம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூன் 28-இல் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கின் தீர்ப்பு வந்த பிறகு இப்படிப் பலர் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டால் நஷ்டம் தெருவில் படுத்திருப்பவருக்குத்தான். அவருக்கு மிச்சமிருக்கும் சட்டப் பாதுகாப்பையும் நாமே இல்லை என்று ஆக்கிவிடுகிறோம்.

வழக்கு கிளம்பிய ஊர் கிராண்ட்ஸ் பாஸ். ஆரிகன் மாநிலத்தில் சுமார் 38,000 பேர் வாழும் சின்ன ஊர். வழக்கு நடந்தபோது அங்கே பூங்காவில் போர்வை விரித்துத் தங்கினால் 295 டாலர் அபராதம். கட்டாமல் விட்டால் அது 537 டாலர் 60 சென்ட் ஆகும். இரண்டு முறை பிடிபட்டால் பூங்காவுக்குள் வர 30 நாள் தடை. தடையை மீறினால் அத்துமீறல் குற்றம். 30 நாள் வரை சிறை, 1,250 டாலர் வரை அபராதம். தலைக்கு மேல் கூரை இல்லாதவர் 295 டாலருக்கு எங்கே போவார்? இந்தத் தண்டனைகள் அரசியல் சட்டத்தின் 8-ஆவது திருத்தம் தடுக்கும் “கொடிய, வழக்கத்துக்கு மாறான தண்டனை” ஆகுமா என்பதே நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி. ஆகாது என்று 6 நீதிபதிகள் சொன்னார்கள், 3 பேர் மறுத்தார்கள்.

1962-இல் ராபின்சன் வழக்கில் இதே நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. போதைக்கு அடிமையாக இருக்கும் நிலையை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது, செய்த செயலுக்குத்தான் தண்டிக்கலாம். அந்தத் தீர்ப்பு ரத்தாகவில்லை. அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நீதிபதி தாமஸ் எழுதினார், ஆனால் அது அவர் ஒருவரின் கருத்து. ஆகவே ‘வீடற்றவராக இருப்பது குற்றம்’ என்று ஒரு நகராட்சி சட்டம் போட்டால் அது இன்றும் நிற்காது. பொது இடத்தில் தங்கும் செயலைத்தான் கிராண்ட்ஸ் பாஸ் தடை செய்கிறது, முதுகுப்பையோடு ஊர் சுற்ற வந்தவருக்கும் அதே விதிதான் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச்சின் வாதம்.

இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஊர் சுற்ற வந்தவருக்கு அறை எடுக்க வழி உண்டு, இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்பலாம். வீடில்லாதவருக்கு இந்த வழிகள் இல்லை, தூக்கத்தையும் தவிர்க்க முடியாது. தூக்கம் உயிரின் தேவை, குற்றமல்ல என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி சொட்டோமயோர் எழுதியதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனாலும் எனக்குப் பிடித்த வாதத்தைத் தீர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. பிடிக்காத தீர்ப்பை அது இருப்பதைவிடப் பெரிதாக்கிக் காட்டுவதும் தவறு.

இந்தத் தீர்ப்போடு எல்லாம் முடிந்துபோனது என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. நீதிமன்றம் மூடியது ஒரு கதவைத்தான். அபராதம் அளவுக்கு மீறியதா என்பது தனிக் கேள்வி, அதை இந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை. உடைமை விஷயத்திலும் அப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸில் வீடற்றோர் நடைபாதையில் சற்று நேரம் விட்டுச் சென்ற பொருட்களை நகராட்சி அள்ளி அழித்தது. அறிவிப்பில்லாமல் அப்படிச் செய்யக் கூடாது என்று 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்கு அடிப்படை 8-ஆவது திருத்தம் அல்ல. நியாயமற்ற பறிமுதலைத் தடுக்கும் 4-ஆவது திருத்தமும், முறையான சட்ட நடைமுறையைக் கேட்கும் 14-ஆவது திருத்தமும்தான்.

மாநிலச் சட்டங்களையும் மறக்கக் கூடாது. ஆரிகன் சட்டமன்றம் 2021-இல் ஒரு சட்டம் இயற்றியது. பொது இடத்தில் உட்காருவது, படுப்பது, தூங்குவது, குளிரிலும் மழையிலும் தன்னைக் காத்துக்கொள்வது ஆகியவற்றை நகராட்சி கட்டுப்படுத்தலாம். ஆனால் வீடற்றவரின் நிலையை வைத்துப் பார்த்தாலும் அந்தக் கட்டுப்பாடு நியாயமாக இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த அதே கிராண்ட்ஸ் பாஸ், அப்புறம் ஒதுக்கப்பட்ட கூடார இடங்களைக் குறைத்தபோது, 2025 மார்ச்சில் மாநில நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்தது. ஆகஸ்டில் வழக்கு சமரசமானது. குறைந்தது 150 கூடார இடங்களுக்கு நகரம் ஒப்புக்கொண்டது. புளோரிடாவில் நேர் எதிர். மாநில அரசின் ஒப்புதலோடு ஒதுக்கிய இடம் தவிர வேறு பொது இடத்தில் தங்க உள்ளாட்சிகள் அனுமதிக்கக் கூடாது என்று அங்கே 2024 அக்டோபர் முதல் மாநிலச் சட்டம் இருக்கிறது. ஆகவே ‘அமெரிக்காவில் சட்டம் என்ன?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த மாநிலம், எந்த ஊர் என்று கேட்க வேண்டும்.

“காப்பகம் இருக்கிறதே, அவர்கள்தான் போக மாட்டேன் என்கிறார்கள்” என்பவர்களும் உண்டு. படுக்கைகளை எண்ணுவதற்கு முன் விதிகளைப் படியுங்கள். கிராண்ட்ஸ் பாஸில் வயதுவந்தோருக்கு இருந்த கிறிஸ்தவக் காப்பகத்தில் தங்க, தினமும் வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டும், புகைக்கக் கூடாது, நாளுக்கு 6 மணி நேரம் வாரம் 6 நாள் வேலை செய்ய வேண்டும். உடல் முடியாதவரும் வேறு மதத்தவரும் என்ன செய்வார்கள்? ஐடஹோ மாநிலத்தின் போய்சி நகரத்தின் மீதான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் தந்த தீர்ப்பு இதுபோன்ற விதிகளைக் கவனித்தது. போக இடமே இல்லாதபோது வெளியே தூங்கியதற்காகத் தண்டிக்கக் கூடாது என்றது. அந்தப் பாதுகாப்பைத்தான் 2024 தீர்ப்பு எடுத்துவிட்டது. போய்சி தீர்ப்பால் மேற்கு மாநிலங்களில் ஒரு கூடாரத்தைக்கூட அகற்ற முடியாமல் போனது என்பதும் தவறு. நேரமும் இடமும் குறித்த கட்டுப்பாடுகளுக்கு அது வழி விட்டிருந்தது.

இந்தியாவைப் பாருங்கள், நடைபாதையில் வாழ உரிமை உண்டு என்று 1985-இலேயே சொல்லிவிட்டார்கள் என்று நம்மில் சிலர் ஒப்பிடுவார்கள். அதுவும் அரைகுறைதான். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடங்கும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய விஷயம். அப்புறப்படுத்துவதற்கு முன் பொதுவாக அறிவிப்பு தர வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மழைக்காலம் முடிய, 1985 அக்டோபர் 31 வரைதான் அவகாசம் கிடைத்தது.

அந்த வழக்கின் மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி, வறட்சியில் வேலை போய் 1961-இல் பம்பாய்க்குப் போனவர். நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய குடிசைக்கு 2,500 ரூபாய் பறிகொடுத்து, மனைவி, மூன்று மகள்களோடு இருந்தார். 1981 ஜூலையில் குடிசையை இடித்து, அவரைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். கிராண்ட்ஸ் பாஸ் காவல்துறையும் வீடற்றவர்களுக்குப் பஸ் டிக்கெட் எடுத்து வெளியூருக்கு அனுப்பியது, அனுப்பிய ஊரிலிருந்து அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று அங்கே 2013-இல் நகரக் கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். சேலத்துக்காரரும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, வேலை தேடிப் பம்பாய்க்கே திரும்பி, மறுபடி ஒரு நடைபாதைக் குடிசையில் ஒண்டிக்கொண்டார்.