ஈறில் ரத்தம் வந்தால் பிரஷை ஒதுக்காதீர்கள்

பல் தேய்க்கும்போது ரத்தம் தெரிந்தால் பலரும் அந்தப் பக்கத்தை மறுநாளிலிருந்து தொடாமல் விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. ரத்தம் வரும் இடத்தில் ஈறோரமாகக் கிருமிப் படலம் தங்கியிருக்கிறது. நகத்தால் வழித்தால் வெள்ளையாக, மாவாக வரும். மெத்தென்று இருக்கும்வரை பிரஷுக்கு அடங்கும். சில நாள் விட்டால் உமிழ்நீரிலுள்ள கால்சியம் படிந்து காரையாக இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

பிரஷ் 'சாஃப்ட்' என்று போட்டதாக, தலை சிறியதாக இருக்கட்டும். கைப்பிடியை முஷ்டியால் பிடிக்காமல் பேனாவைப் போல விரலால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். நார்களின் நுனி பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி 45 டிகிரி சாய்த்து, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பல் என்று, அதே இடத்தில் பத்துமுறை சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். பிறகு பல்லின் நுனிப் பக்கமாக உருட்டி எடுங்கள். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில் பிரஷை நெட்டுக்குத்தாக நிறுத்தித்தான் தேய்க்க முடியும். உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அருகிலேயே திறப்பதால் காரை அதிகம் சேருவதும் அங்கேதான். மொத்தம் 2 நிமிடம், காலையும் இரவும். ஒரு வேளை தவறுவதானால் அது இரவாக இருக்கக் கூடாது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். நார் விரிந்தால், அல்லது 3 மாதம் ஆனால், பிரஷை மாற்றுங்கள்.

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் உமிக்கரியோடு உப்பும் நல்லமிளகும் பொடித்துத் தேய்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. பல் பளபளக்கும், உண்மைதான். ஆனால் சொரசொரப்பான பொடியை விரலால் குறுக்கே தேய்க்கத் தேய்க்க, ஈறை ஒட்டிய பல்லின் கழுத்து பள்ளமாக அரிபடும், கூச்சம் தொடங்கும், ஈறும் பின்வாங்கும். கரித்துகள் ஈறோரத்தில் சிக்கி நிற்பதும் உண்டு. ஃபுளோரைடு பேஸ்ட்டே போதும். பச்சைத் தென்னை ஈர்க்கிலைக் கீறி நாக்கு வழிப்பதில் மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓரம் கூராக இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி.

பல்லிடுக்கில் பிரஷ் நுழையாது. அதற்கு ஃபிளாஸ் நூல்: சுமார் 45 செ.மீ. எடுத்து இரண்டு நடுவிரல்களில் சுற்றி, இழுத்திழுத்து மெதுவாக இறக்குங்கள். சட்டென்று அழுத்தினால் ஈறு அறுபடும். பல்லை அரைவட்டமாக அணைத்து மேலும் கீழும் துடைத்தபின் அடுத்த பல். இடைவெளி பெரிதாக இருந்தால் இடுக்குப் பிரஷ் இன்னும் நல்லது. மீன்முள் சிக்கினால் ஊக்காலும் தீக்குச்சியாலும் குத்தாதீர்கள்.

அரைத் தேக்கரண்டி உப்பு கலந்த ஒரு டம்ளர் வெந்நீரில் கொப்பளித்தால் வலி தணியும், படலம் போகாது. குளோர்ஹெக்சிடின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்து டாக்டர் சொன்ன நாள்வரை மட்டும், நீண்டால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள், பீடி பிடிப்பவர்கள் ரத்தம் வரவில்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். குறிப்பாகப் புகைப்பவர்களுக்கு, ஈறு நோய் முற்றினாலும் ரத்தம் குறைவாகத்தான் தெரியும்.

சரியாகத் தேய்த்தும் இரண்டு வாரத்துக்கு மேல் ரத்தம் நிற்காவிட்டால், சீழ் வந்தால், பல் ஆடினால் பல் டாக்டரிடம் போய்விடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிடாயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஈறு தடித்து வளரலாம்; மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். 'கிளீனிங் செய்தால் பல் ஆடும்' என்ற பயம் பரவலாக இருக்கிறது. இடுக்கை அடைத்திருந்த காரை போனதும், வீங்கிய ஈறு வற்றியதும் சந்து தெரியும், அவ்வளவுதான். சில நாள் கூசும். அந்த நாட்களில் ஐஸ் தண்ணீரைத் தள்ளிவைத்து, இரவுத் தேய்ப்பை விடாமல் தொடருங்கள்.