ஒற்றை ஜிமிக்கிக்கு ஒரு கயிறு

ஆச்சி போன பிறகு பீரோவின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஜோடி தொலைந்த ஒரு ஜிமிக்கி, நூல் அறுந்த கெம்பு அட்டிகையின் ஆறு வில்லைகள், அம்மா சின்ன வயதில் நடனத்துக்குப் பின்தலையில் வைத்த ராக்கொடி, ஒற்றைக் கல்தோடு ஒன்று. எல்லாம் எங்கள் நாகர்கோவில் வடசேரியில் செய்தவை. எடைக்குப் போட்டால் வெள்ளிக்கு ஏதோ கொஞ்சம் காசு வரும். அந்தக் கைவேலைக்கு யாரும் விலை போட மாட்டார்கள். அதனால் நானே உட்கார்ந்து, தினமும் போட்டுக்கொள்கிற மாதிரி மாற்றினேன்.

முதல் விதி இதுதான்: எதையும் வெட்டாதீர்கள், ராவாதீர்கள். நாளைக்கு வேண்டாம் என்றால் பழையபடி பிரித்து வைக்க முடிய வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் கையில் எடுத்தது அந்தக் கல்தோடு. மோதிரமாக்கும் ஆசையில் பின்னால் இருந்த தண்டை ராவி எடுத்துவிட்டு, ஒரு வளையத்தில் ஒட்டினேன். எட்டு மாதம் கழித்து அத்தை வீட்டுப் பெட்டியில் அதன் ஜோடி கிடைத்தது, திருகாணியோடு அப்படியே. அம்மா இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சரி, டின்னைத் திறந்ததும் எது தங்கம், எது வெள்ளி, எது கவரிங் என்று பிரித்துவிடுங்கள். 916 முத்திரை இல்லை என்பதற்காகக் கவரிங் என்று முடிவு கட்ட வேண்டாம். நம் நாட்டில் தங்கத்துக்கு ஹால்மார்க் வந்ததே 2000-ல்தான். பாட்டி காலத்து நகையில் அதைத் தேடிப் பயனில்லை. சந்தேகம் இருந்தால் பரிசோதனை இயந்திரம் உள்ள கடையில் காட்டிவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

சுத்தம் செய்வதில்தான் நிறைய நகை கெடுகிறது. கெம்பு வேலை என்பது வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, கல் பதித்து, சுற்றிலும் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், வைத்து அழுத்துவது. தண்ணீரில் ஊறப்போட்டால் கல்லுக்கு அடியில் ஈரம் இறங்கிக் கல் கறுத்துவிடும். வெயிலில் காயவைத்தால் அரக்கு இளகும். பித்தளைக்குப் போடுகிற புளி, எலுமிச்சையை முத்துப் பக்கமே கொண்டுபோகக் கூடாது; புளிப்பு முத்தை அரித்துவிடும். குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷால் காய்ந்தபடியே தூசி தட்டினால் போதும்.

ஜிமிக்கியைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போடுவதிலிருந்து ஆரம்பியுங்கள், அதுதான் எளிது. தோட்டிலிருந்து கழற்றினால் குடையின் உச்சியில் ஒரு சின்ன வளையம் இருக்கும். கயிற்றை நேராக அதில் கோர்க்காதீர்கள். உரசி உரசி அந்தப் பழைய வளையம் தேய்ந்துவிடும். ஆறு மில்லிமீட்டர் ஜம்ப் ரிங், அதாவது வாய் திறந்து மூடுகிற சின்னக் கம்பி வளையம், ஒன்று வாங்கி, அதை நடுவில் போடுங்கள். தேய்வதானால் புதியது தேயட்டும்.

ஜம்ப் ரிங்கைத் திறக்க இரண்டு மூக்குக் குறடுகள் வேண்டும். வளையத்தின் வாய் மேலே இருக்கும்படி இருபுறமும் பிடித்து, ஒரு கையை உங்கள் பக்கமும் மறு கையை எதிர்ப்பக்கமும் திருப்புங்கள், கதவைத் திறக்கிற மாதிரி. பக்கவாட்டில் இழுத்துப் பிளந்தால் வட்டம் கோணிப்போகும், பிறகு வாய் சேரவே சேராது. மூடும்போது கொஞ்சம் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். இரு முனைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு உட்காருவது விரலுக்கே தெரியும். அப்புறம் ஒரு சிட்டிகைப் பஞ்சை அந்த இடத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். கயிறு அதன் வழியே நழுவி, ஒருநாள் பஸ்ஸில் ஜிமிக்கி விழுந்துவிடும். பஞ்சு மாட்டாமல் வழுக்குகிற வரைக்கும் திருத்துங்கள். கருப்புப் பருத்திக் கயிற்றில் கோர்த்தால் கைத்தறிப் புடவைக்கு அவ்வளவு பொருத்தம். குடை ஓரத்து முத்துகள் நடக்கும்போது ஆடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கல் ஏதாவது விழுந்திருந்தால், நொடியில் ஒட்டும் பசையைத் தொடவே வேண்டாம். அதன் ஆவி பட்டுப் பக்கத்துக் கற்களிலும் வெள்ளை படியும். இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் எபாக்ஸி பசையை ஊசி முனையால் ஒரு துளி வைத்து, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

அட்டிகை வில்லைகள் கையில் கட்டும் பிரேஸ்லெட்டாக நன்றாக வரும். ஒவ்வொன்றும் முக்கால் அங்குலம். ஆறு சேர்ந்தால் நாலரை. வில்லைக்கு மேலும் கீழும் ஓட்டை இருப்பதால் பட்டு நூலை இரட்டை வரிசையாக ஓட்டி, வில்லைக்கு வில்லை நடுவே வரிசைக்கு ஒரு குட்டிப் பாசிமணி போடுங்கள். இல்லாவிட்டால் ஓரங்கள் ஒன்றையொன்று இடித்து ரேக்கு உரிந்துவிடும். மிச்ச நீளத்துக்கு நூலையே விட்டு, இழுத்தால் இறுகும் முடிச்சு. கம்பி வேண்டாம், மெல்லிய வெள்ளியை அது அறுக்கும்.

ராக்கொடியைப் பசை இல்லாமலேயே புரூச்சாக்கலாம். பின்னால் உள்ள சின்ன வளையங்கள் வழியே ஊசியை விட்டு, கெட்டியான ஃபெல்ட் துணி வட்டத்தில் தைத்துவிடுங்கள். அந்த வட்டத்தின் மறுபுறம் புரூச் பின்னைத் தைத்தால் முடிந்தது. கனம் அதிகம் என்பதால் பட்டில் குத்தும்போது உள்பக்கம் ஒரு மடித்த துணி வையுங்கள், புடவை கிழியாது. போன தை மாதம் சித்தி மகள் கல்யாணத்துக்கு அம்மா இதைத் தோளில் குத்திக்கொண்டு வந்தாள்.

கழற்றின கொக்கி, பழைய நூல், உதிர்ந்த முத்து எதையும் வீசாதீர்கள். எது எந்த நகையிலிருந்து வந்தது என்று சீட்டு எழுதி, ஒரு சின்னக் கவரில் போட்டு அதே டின்னில் வையுங்கள். என் டின்னில் அந்தத் தோட்டின் ராவிய தண்டும் ஒரு கவரில் இருக்கிறது. வடசேரியில் ஒரு ஆசாரி, கல்லைக் கழற்றிவிட்டுப் புதுத் தண்டு பற்றவைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார்.